பெல்லந்தூரைத் தூர்வாரினால் தென்பெண்ணை தெளியுமா?

பெங்களூருவில் கனமழை கொட்டிவிட்டால், அடுத்த ஓரிரு நாட்களில் ஓசூர் அருகே தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. மதகில் இருந்து கறுப்பாக, நாற்றத்தோடு வந்து விழும் தண்ணீர், விழுந்த வேகத்தில் வெள்ளை நுரையாகத் திரண்டு ஆற்றையே மறைத்துவிடுகிறது. காற்று வீசும்போது அது பொதி பொதியாகக் கிளம்பிப் பக்கத்து வயல்களில் படிகிறது. தரைப்பாலம் நுரைக்குள் மூழ்கி, எதிரே வரும் வண்டி தெரியாமல் போக்குவரத்து நின்ற நாட்களும் உண்டு. சுமார் 8,000 ஏக்கர் பாசனத்துக்கான அணை இது. வேறு வழியில்லாமல் இந்தத் தண்ணீரைத்தான் விவசாயிகள் காய்கறிக்கும் பூச்செடிகளுக்கும் பாய்ச்சுகிறார்கள்.

நுரையின் கதை மேட்டில் தொடங்குகிறது. பெங்களூருவில் விழும் மழை மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக வெளியேறுகிறது. விருஷபாவதி பள்ளத்தாக்கின் நீர் அர்க்காவதி வழியே காவிரிக்குப் போகிறது. கோரமங்களா–செல்லகட்டா, ஹெப்பால் என்ற மற்ற இரண்டும் தென்பெண்ணையில் சேர்கின்றன. கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பதுதான் பெல்லந்தூர் ஏரி. சுமார் 900 ஏக்கர், பெங்களூருவிலேயே பெரியது. அது நிரம்பி வழிந்தால் வர்த்தூர் ஏரி, அதற்குக் கீழே ஆறு. நகரத்தில் துணி துவைத்த, பாத்திரம் கழுவிய, கழிப்பறையில் ஊற்றிய தண்ணீரில் கணிசமான பங்குக்கு இதுவே வழி.

ஒருகாலத்தில் இது நெல் வயல்களுக்குப் பாய்ந்த ஏரி. இரண்டாம் உலகப் போரின்போது, பழுது பார்க்க வந்த கேட்டலினா கடல் விமானங்கள் இதன் தண்ணீரில்தான் இறங்கின. அந்த ஏரி 2015-ல் தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடி. 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க ராணுவம் ஆயிரக்கணக்கான வீரர்களை இறக்க வேண்டியிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஏரிப் பணிக்கென 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொன்னது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைத்தது.

அதன் பிறகு வேலை நடந்தது. அதை மறுப்பது நியாயம் அல்ல. 2020-ல் தூர்வாரும் பணி தொடங்கியது, ஆகாயத்தாமரை அகற்றப்பட்டது, பல ஆண்டுகளாகப் படிந்த சேறு லாரி லாரியாக வெளியேறியது. ஏரியை உலர்த்தினால்தான் சேற்றை அள்ள முடியும் என்பதால், உள்ளே வந்துகொண்டிருந்த கழிவுநீரைச் சுற்றுக்கால்வாய் வெட்டிக் கீழே திருப்பிவிட்டார்கள்.

கோளாறு இங்கேதான். எவ்வளவு சீரழிந்திருந்தாலும் பெல்லந்தூர் ஏரி ஒரு வேலையைச் செய்துகொண்டே இருந்தது. உள்ளே வரும் கழிவுநீர் மறுமுனைக் கலங்கலை அடைய 10 முதல் 15 நாட்கள் ஆகும் என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்குள் அழுக்கில் ஒரு பங்கு மட்கும், இன்னொரு பங்கு அடியில் படியும். கட்டணமில்லாத ஒரு சுத்திகரிப்பு நிலையமாக ஏரி உழைத்தது. சுற்றுக்கால்வாய் அந்த நாட்களை இல்லாமலாக்கிவிட்டது. ஏரி தப்பித்தது, அழுக்கு ஆற்றில் இறங்கியது. கலங்கலுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் கணக்குப் போட்டு ஓர் ஏரியை மீட்க முடியாது.

அதே ஆய்வாளர்கள் நுரை ஏன் மழைக்குப் பிறகு பொங்குகிறது என்பதையும் விளக்கியிருக்கிறார்கள். சலவைத்தூளில் இருக்கும் நுரைப்பொருள் முழுதாக மட்குவதில்லை. சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் சேர்ந்துகொண்டே போகிறது. மாதக்கணக்கில் சேர்ந்த அந்தச் சேற்றைப் பெருமழை வெள்ளம் வந்து கலக்கும்போது எல்லாம் ஒரே நாளில் மேலே வருகிறது. கலங்கலிலோ மதகிலோ உயரத்தில் இருந்து விழுகையில் அதற்குள் காற்று புகுகிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகளும் பாக்டீரியாவும் அந்தக் குமிழிகளை உடையாமல் தாங்குகின்றன. ஆகவே, வறண்ட மாதத்தில் நுரை இல்லை என்பது ஆறு சுத்தமாகிவிட்டதற்கு அடையாளம் ஆகாது.

பருவநிலை மாற்றம் தன் பங்கைச் சேர்ப்பதும் இந்த இடத்தில்தான். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. எனவே பெய்யும்போது பேய்மழை, ஓய்ந்தால் நீண்ட வறட்சி என்ற போக்கு வலுக்கிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூரும் வெளிவட்டச் சாலையும் மூழ்கி, மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் போனார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அதே நகரத்தில் இருந்த சுமார் 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதல்வர் அறிவித்தார்.

இந்த இரண்டு முனைகளுமே ஏரிக்குக் கெடுதல். வறட்சியில் ஏரிக்கு வருவது ஏறத்தாழ முழுவதும் கழிவுநீர்தான். கலந்து நீர்க்கச் செய்ய மழைநீர் கிடையாது. வெயில் ஏற ஏற உயிர்வாயுவும் குறைகிறது: 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வாயுவைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாக இறங்கிவிடும். அடித்தண்ணீரில் உயிர்வாயு தீர்ந்ததும், சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரஸ் விடுபட்டு மீண்டும் தண்ணீரில் கரைகிறது. வெளியில் இருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர் வராவிட்டாலும் ஏரி தன் பழைய அழுக்கையே உண்டு பாசி வளர்க்கும். பிறகு ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் மழை வந்து அத்தனையையும் தென்பெண்ணையில் தள்ளிவிடும்.

தண்ணீர் தீப்பிடித்ததும், அதன் பிறகு அரசுகள் விழித்ததும் பெங்களூருவில்தான் முதலில் நடந்தது என்றில்லை. 1969-ல் அமெரிக்காவின் கயஹோகா ஆறு எரிந்தது. அது போய்ச் சேரும் ஈரி ஏரி செத்துவிட்டது என்றே அன்றைய பத்திரிகைகள் எழுதின. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. எல்லையின் இருபுறமும் சலவைத்தூளில் பாஸ்பேட் கட்டுப்படுத்தப்பட்டது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் வெளியிடக் கூடாது என்றானது. ஈரி ஏரிக்கு ஆண்டுக்கு 11,000 டன்னுக்கு மேல் பாஸ்பரஸ் சேரக் கூடாது என்று உச்சவரம்பும் வந்தது. 1980-களில் அந்த இலக்கு எட்டப்பட்டது. தண்ணீர் தெளிந்தது, மீன் திரும்பியது.

ஆனால் 1990-களின் நடுவில் பாசி திரும்ப வந்தது. இம்முறை முதன்மைக் காரணம் வயல் உரம். அந்த உரத்தை மௌமி ஆற்று வழியாக ஏரிக்குக் கொண்டுவந்து கொட்டியது வசந்தகாலப் பெருமழை. 2011-ல் அப்படியொரு மழைக்குப் பிறகு, அதுவரை காணாத அளவுக்கு ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. பாசியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, இன்னும் செறிவாகும். 2016-ல் இரு நாடுகளும் பழைய கணக்கைத் திருத்தி, 2008-ஆம் ஆண்டு அளவில் இருந்து 40 சதவீதம் பாஸ்பரஸைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. ஒருமுறை மீண்ட ஏரி, மழையின் போக்கு மாறியதும் மறுபடி நோயில் விழுந்தது. பெல்லந்தூருக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் படித்தே ஆக வேண்டிய வரலாறு இது.

இங்கே நிலைமை என்ன? கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட விதிகளில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வரம்பே இல்லை. ஏரி, குளங்களில் விடும் நீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற அளவைப் பசுமைத் தீர்ப்பாயம்தான் 2019-ல் வலியுறுத்தியது. பாஸ்பரஸை எடுக்காத நிலையம், நாற்றத்தைப் போக்கி, பாசிக்கு உணவைத் தெளிந்த தண்ணீரில் கரைத்து அனுப்புகிறது.

பெங்களூருவிலேயே இதற்கு மாற்று உண்டு. நகரின் வடக்கே ஜக்கூர் ஏரி. அதன் தலைமாட்டில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொள்ளளவோடு ஒரு சுத்திகரிப்பு நிலையம் அமைத்தார்கள். அங்கிருந்து வரும் நீர் நேராக ஏரிக்குள் போவதில்லை. கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பில் ஊர்ந்து, மிச்ச சத்தைச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஏரியில் சேர்கிறது. அங்கே மீன் பிடிக்கிறார்கள். சுற்றுவட்டார நிலத்தடிக்கும் நீர் ஊறுகிறது. கரையில் நடைபாதையும் செயற்கை நீரூற்றும் வைத்துத் திறப்பு விழா நடத்துவதைவிட, ஏரிக்கு முன்னால் இப்படியொரு சதுப்புக்கு இடம் விடுவது நூறு மடங்கு பயன் தரும். பெல்லந்தூரின் அளவுக்கு அத்தகைய சதுப்பு பெரிதாக வேண்டும். அந்த நிலம் இப்போதே காக்கப்படாவிட்டால் அதன் மேல் அடுக்குமாடி எழும்பிவிடும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2018 முதல் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்த நீரைக் குழாய் வழியே கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். வறண்டு கிடந்த கோலாருக்கு அது கிடைப்பதை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் தெளிந்த பங்கு மேட்டுக்கு ஏறிவிட்டால், தப்பி வழிந்த அழுக்கைக் கழுவிக் கலக்கச் சரிவில் என்ன மிஞ்சும்? தென்பெண்ணையில் பாய வேண்டிய நல்ல நீருக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும்.

தமிழ்நாடு இதைக் கேட்டிருக்கிறதா? தென்பெண்ணைக்காக 2018-ல் உச்ச நீதிமன்றம் போன தமிழ்நாட்டின் வாதம் பெரும்பாலும் தண்ணீரின் அளவைப் பற்றியது, அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய யார்கோள் அணையைப் பற்றியது. அளவுக்காகப் போராடுவது நியாயமே. ஆனால் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதும் அதே வழக்கின் மறுபாதி. ஈரி ஏரிக்காக இரு நாடுகள் ஒப்புக்கொண்டதைப் போல, கர்நாடகமும் தமிழ்நாடும் தென்பெண்ணைக்கு ஆண்டுக்கு இவ்வளவு பாஸ்பரஸ்தான் என்று ஓர் உச்சவரம்புக்கு வர வேண்டும். அது கடந்த கால மழைச் சராசரியை வைத்துப் போட்ட கணக்காகவும் இருக்கக் கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. தென்பெண்ணையின் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. அத்தகைய மழை பெங்களூருவின் மேல் விழும் நாளுக்கும் சேர்த்துத்தான் வாய்க்காலும் சதுப்பும் அளக்கப்பட வேண்டும்.

இந்தப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தமிழ்நாட்டின் கை சுத்தமாகவும் இருக்க வேண்டும். ஓசூரின் கழிவுநீரும் இதே படுகையில்தான் இறங்குகிறது. வேகமாக வளரும் தொழில் நகரம் அது. பெங்களூருவிடம் கேட்கிற அதே ஒரு மில்லிகிராம் வரம்பை ஓசூர் மாநகராட்சியின் நிலையங்களுக்கும் முதலில் விதித்துக் காட்டலாம். தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழையும் கொடியாளத்தில் மாதத்துக்கு ஒரு நாள் மாதிரி எடுப்பது போதாது. பெங்களூருவில் மழை தொடங்கிய முதல் 48 மணி நேரம் தொடர்ந்து பாஸ்பரஸையும் உயிர்வாயுவையும் அளந்து, அன்றன்றே தமிழில் இணையத்தில் போட வேண்டும். மதகு திறக்கும் முன் அந்த எண்ணைப் பார்த்து, அன்றைய தண்ணீரைப் பாய்ச்சுவதா விடுவதா என்று ஆயக்கட்டு விவசாயி முடிவெடுக்க முடியும். இதற்கு இன்னொரு மாநிலத்தின் சம்மதமோ நீதிமன்றத்தின் உத்தரவோ தேவையில்லை.