முடி தரித்தவனே நாயகனோ?

வரலாற்றுக் காதல் நவீனங்களைப் படிப்பதும், படித்தவற்றை முதலாவது, இரண்டாவது எனத் தரவரிசைப்படுத்துவதும் மலேசியத் தமிழ் வாசகரிடையே நெடுநாளாய் நிலவிவரும் வழக்கம். வந்தியத்தேவன் உயர்ந்தவனா, இளைய பல்லவன் உயர்ந்தவனா என்னும் வாதம் தலைமுறைகள் கடந்தும் ஓயவில்லை. படிப்பது பிழையன்று, தரம் பிரிப்பதும் பிழையன்று. எந்த அளவுகோல் கொண்டு அளக்கின்றனர் என்பதே ஈண்டு எழும் வினா.

அவ்வளவுகோல் பெரும்பாலும் ஒன்றே: நாயகன் அரச குலத்தவனாதல் வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–54) படைத்த வந்தியத்தேவன், வழிப்போக்கனாய்த் தோன்றினும் நாடிழந்த வாணர் குலத்து வழித்தோன்றல். அதே நவீனத்தில் கோயிலுக்குப் பூத்தொண்டு புரிந்த சேந்தன் அமுதனும் இறுதியில் அரச குமாரன் என்றே அறியப்படுகிறான். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' நாயகன் இளங்கோ கொடும்பாளூர் இளவரசன். சாண்டில்யனின் 'கடல் புறா'விலோ நாயகன் கருணாகரத் தொண்டைமான். காதலி காஞ்சனாதேவி கடாரத்து இளவரசி. பூத்தொடுப்பவன் பூத்தொடுப்பவனாகவே நின்று உயர்வதற்கு இவ்வுலகில் இடம் அரிது. இது தமிழுக்கு மட்டும் உரிய நோயன்று. ஆங்கிலத்தில் ஜார்ஜெட் ஹேயர் பிரபுக்களின் காதலை எழுதியே பெரும்புகழ் ஈட்டினார்.

"இந்நவீனங்களன்றோ தமிழ் மக்களைப் படிக்கப் பழக்கின? தம் முன்னோர் கூலிகள் மட்டுமல்லர், கடல் வென்றவர் என்னும் பெருமிதத்தை ஊட்டின?" என்று சிலர் வினவுவர். உண்மையே. அடக்குமுறைக்கு ஆட்பட்டோர்க்குப் பெருமிதம் ஒரு மருந்து. ஆயினும் மருந்தே உணவாகிவிடின் உடல் தேறுமோ?

'கடல் புறா' காட்டும் கடாரம் இன்றைய கெடா. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கண்ட மண் அது. அம்மண்ணுக்கும் சிலாங்கூருக்கும் பிற்காலத்தில் வந்து சேர்ந்த தமிழரோ வாளேந்தி வந்தவரல்லர். கங்காணியின் பின்னே வந்து பால்வெட்டுக் கத்தி ஏந்தியவர். அவர்தம் வழித்தோன்றல் நவீனத்தைத் திறந்ததும் தன்னை இளவரசனின் இடத்தில் வைத்துப் பார்க்கிறான். தன் பாட்டனை எங்கும் காண்பதில்லை.

அப்பாட்டன் வீரமற்றவனா? 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை நினைவுகூர்க. கூலி உயர்வோடு தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையையும் கிராணியையும் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. போராட்டத்தை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்தவனின் பேரன், இன்று கற்பனையில் முடியொன்றைக் கண்டதும் இறங்கி நிற்கிறான்! இதனினும் பெரிய முரண் வேறுண்டோ?

1978இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம் எழும் முன்னர் அந்நிலத்தில் நின்றவை ரப்பரும் செம்பனையும். லயங்கள் மறைந்தன, அங்கே வாழ்ந்தோரின் காதலும் பிரிவும் ஏட்டில் ஏறாவிடின் அவையும் மறையும். 1942–43இல் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இருப்புப் பாதையில் பல்லாயிரவர் மடிந்தனர். அத்துயரை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நவீனமாக்கினார். 'வேங்கையின் மைந்தன்' எழுதிய அகிலனே இந்நாட்டு ரப்பர்த் தோட்டத் தொழிலாளரை வைத்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். வாசகர் தம் தரவரிசையில் இவற்றுக்கு அளிக்கும் இடம் எது?

ஆகவே தமிழாசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அரச நவீனங்களை வகுப்பறையிலிருந்து விலக்குவது அன்று அது. அகிலனின் அவ்விரு நூல்களையும் மாணவர் கையில் ஒருங்கே அளித்து, இரண்டு வினாக்களைத் தொடுத்தல் வேண்டும்: முடியைக் கழற்றி வைத்தால் இந்நாயகனிடம் எஞ்சுவது யாது? அவன் உண்ணும் சோற்றை விளைவித்தவர் இக்கதையில் எங்கே?

இவ்வினாக்களுக்கு விடை தந்து நிற்கும் நாயகனுக்கு முதலிடம் அளிக்கட்டும். அவன் அரசனாயினும் ஆகுக. விடை தராதவனுக்கு எத்துணை மணிமுடி இருப்பினும் இரண்டாம் இடமே சாலும்.