கைப்பட்டை விலங்கல்ல!



தோட்டத்துக் கோவில் திருவிழாவில் ஒரு தாயார் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மகள் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு வாரந்தான் ஆகிறதாம். "மாட்டைக் கட்டுற மாதிரி கையில பட்டையை மாட்டி, வயரால மேசையோட இணைச்சிடுறாங்களாம். கரண்டு அடிச்சா என்ன செய்யறது அக்கா? கழட்டிப் போடுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

பெற்ற மனம் பதறத்தான் செய்யும். பினாங்கு பாயான் லெப்பாசில் 1972-இல் தொழில் வட்டாரம் தொடங்கிய நாள் முதல், எத்தனையோ தாய்மார்களுக்கு இந்தப் பயம் வந்திருக்கும். விஷயம் இதுதான்.

தலைவாரிய பிளாஸ்டிக் சீப்பில் காகிதத் துணுக்குகள் ஒட்டிக்கொள்வதைப் பிள்ளைகள் விளையாட்டாகக் காட்டியிருப்பார்கள். உராய்வினால் சேரும் அந்த மின்சாரத்திற்கு நிலைமின்சாரம் என்று பெயர். நடந்தாலும், நாற்காலியை விட்டு எழுந்தாலும் நம் உடம்பில் அது சேரும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம்; அதனால் சீக்கிரம் கசிந்துவிடும். குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருப்பதால் உடம்பிலேயே தங்கிவிடும்.

விரலில் 'சுரீர்' என்று நாம் உணர்வதற்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில நுண்ணிய மின்னணுப் பாகங்களோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுவிடும். தொட்டவருக்கே தெரியாது! சில பாகங்கள் உடனே நின்றுபோவதுமில்லை. பால்மரத்தில் கத்தி ஆழமாக இறங்கினாலும் அன்றைக்குப் பால் வடியும். பட்டை மறுபடி வளரும்போதுதான் முண்டும் முடிச்சும் தெரியும் அல்லவா? அதுபோலத்தான். சோதனையில் தேறிய பொருள், வாங்கியவர் வீட்டில் சில மாதங்களில் பழுதாகும்.

உடம்பில் சேரும் மின்சாரத்தை மெல்லப் பூமிக்கு அனுப்புவதே கைப்பட்டையின் வேலை. அதில் 10 லட்சம் ஓம் அளவுள்ள மின்தடை வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த வயர் வழியாகப் பெரிய மின்சாரம் பாயாது. பயம் வேண்டாம்.

மகளிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

பட்டை தோலில் படவேண்டும். சட்டைக் கைக்கு மேல் மாட்டினால் பயனில்லை.

வேலை தொடங்குமுன் தினமும் சோதிக்க வேண்டும். வயர் அறுந்திருந்தால் மறைக்காமல் சூப்பர்வைசரிடம் சொல்லவேண்டும்.

மேசையில் பிளாஸ்டிக் பையோ, வெள்ளை நுரைக் கோப்பையோ வைக்கக்கூடாது.

மின்னணுப் பலகையை ஓரத்தில் மட்டும் பிடிக்கவேண்டும்.

வீட்டில் கம்ப்யூட்டரைப் பிரிக்கும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சாயம் பூசாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள். புதிய பாகத்தை, பொருத்தும் நேரம்வரை அதன் பையிலேயே வைத்திருங்கள். மின்சாரம் ஓடும் சாமானைப் பிரித்துக்கொண்டு கைப்பட்டை அணிவது ஆபத்து. பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

அந்தத் தாயாரிடம் இவ்வளவையும் விளக்கினேன். "அப்படின்னா அது பொண்ணுக்குக் காவல் இல்லையா, சாமானுக்குக் காவலா?" என்றார். சாமானுக்குக் காவல்தான். ஆனால், "நீ தொட்டதுதான் கெட்டது" என்ற பழிச்சொல் வராமல் உங்கள் மகளையும் அது காக்கிறது. கழற்றச் சொன்ன வாயால், நாளைக் காலையே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்!