மிஸ்டு காலில் ஒரு முறையீடு

அடிகுழாய் பழுதாகி மாதக்கணக்காகிறது. மனு கொடுத்தாயிற்று, பதில் இல்லை. அதிகாரி பேசுவது இந்தி, கிராமத்தார் பேசுவது கோண்டி. நிருபர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம். வந்தாலும், துப்பாக்கிச் சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்கத்தான் வருவார்கள். மத்திய இந்தியாவின் காடுகளில் பழங்குடியினரின் குரல் நெடுங்காலம் இப்படித்தான் அமுங்கிக் கிடந்தது.

வானொலி உதவியிருக்கலாம். ஆனால் இந்தியாவில் வானொலிச் செய்தி அரசின் ஏகபோகம். 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி அனுமதிக்கப்பட்டது. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பும் உரிமை மட்டும் தரப்படவில்லை.

இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனது செல்போன். பி.பி.சி.யில் பணியாற்றிய பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி, சத்தீஸ்கரை மையமாகக் கொண்டு 2010இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா'வின் ஏற்பாடு எளிமையானது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணிப்பொறி திரும்ப அழைக்கும். 1ஐ அழுத்தினால் பேசலாம். 2ஐ அழுத்தினால் மற்றவர்கள் பேசியதைக் கேட்கலாம். பதிவானதைச் சரிபார்த்த பிறகே வெளியிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை.

புகார் சொல்பவர் அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே சொல்வார். நகரத்தில் அதைக் கேட்பவர்கள் அவரை அழைத்து விசாரிப்பார்கள். மனுவைக் கோப்பில் புதைத்துவிடலாம். எங்கோ இருந்து அடுத்தடுத்து வரும் அழைப்புகளை என்ன செய்வது? நிலுவைக் கூலி வந்தது, அடிகுழாய் சரியானது என்று நன்றி சொல்லும் பதிவுகளும் வந்தன.

கோண்டி தமிழர்களுக்கு அந்நியமான மொழி அல்ல. திராவிடக் குடும்பத்து உறவு. ரண்ட், மூண்ட், நாலுங் என்று அவர்கள் எண்ணுவதைக் கேட்டாலே புரிந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கோண்டி பேசுவோர் சுமார் 30 லட்சம். ஆனாலும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. அதே கணக்கில் 25 ஆயிரத்துக்கும் குறைவானவர்களே தாய்மொழியாகக் குறிப்பிட்ட சமஸ்கிருதத்துக்கு இடமுண்டு. பல மாநிலங்களில் சிதறி, எங்கும் சிறுபான்மையாக இருப்பதன் விலை இது.

தொழில்நுட்பத்துக்கும் எல்லை உண்டு. டவர் இல்லாத ஊரிலிருந்து குரல் வராது. போலீசும் மாவோயிஸ்டுகளும் மாறி மாறிச் சந்தேகித்த பிரதேசத்தில், பெயர் சொல்லிப் புகார் செய்யத் தனித் துணிச்சல் தேவைப்பட்டது. ஸ்வராவின் பதிவுகளிலும் இந்திக்குக் குறைவில்லை. காரியம் ஆக வேண்டுமானால் அதிகாரிக்குப் புரிகிற மொழியில் பேசியாக வேண்டுமே.

பக்கத்து ஊர் அடிகுழாயைச் சரிசெய்ய முகம் தெரியாத நகரவாசி போன் செய்ய வேண்டியிருந்தது என்பதே நிர்வாகத்தின் மீதான பெரிய புகார். அதைப் பதிவு செய்ய எந்த எண்ணை அழுத்துவது?