சைபர் யார் போட்டது?

"ஹைட்ரஜன் மின்முனைக்கு எவ்வளவுடா?" என்று அக்கா மகனிடம் கேட்டேன். பிளஸ் டூ படிக்கிறான். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே "ஜீரோ வோல்ட்" என்றான். "எந்த அழுத்தத்துல?" என்றேன். இப்போது தலையைத் தூக்கினான். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா."

கேட்க மாட்டார்கள்தான். பதினேழு வருடம் முன்பு என்னிடமும் கேட்கவில்லை. ஏன் சைபர் என்று நான் கேட்டதற்கு எங்கள் வாத்தியார், "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அறுபது பையன்களை வைத்துக்கொண்டு போர்ஷன் முடிக்க வேண்டிய மனிதர். ஒரு நிபந்தனையை வெட்டி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிற ஏற்பாட்டின் மேல்தான் என் கோபம்.

சைபர் இயற்கை போட்டதல்ல. அமிலத்தில் ஒரு பிளாட்டினத் தகடு, அதன் மேல் ஹைட்ரஜன் குமிழிகள். தகட்டில் வந்து ஒட்டுகிற மூலக்கூறு இரண்டு எலெக்ட்ரான்களை அங்கே விட்டுவிட்டு அயனியாகி அமிலத்துக்குள் போகிறது. எதிர்த்திசையிலும் இதே போக்குவரத்து நடக்கிறது. வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினால் விட்டுவிட்டுப் போகிற கூட்டம் அதிகமாகும், தகடு இன்னும் எதிர்மின்மை கொள்ளும். 25 டிகிரியில் அழுத்தம் பத்து மடங்கானால் 29.6 மில்லிவோல்ட் இறங்கும். நூறு மடங்கானால் அதைப்போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் நாம் மந்திரம் போல ஒப்பித்த 0.0591-ஐ இரண்டால் வகுத்துப் பாருங்கள், அந்த 29.6 வரும். மின்னழுத்தம் என்ற சொல்லுக்குள்ளேயே அழுத்தத்தை வைத்திருக்கும் மொழியில் படித்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

ஆக, ஏதாவது ஓர் அழுத்தத்தைக் குறித்துவிட்டு அங்கே சைபர் என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 1 அட்மாஸ்ஃபியரில் வைத்திருந்தார்கள். 1982-ல் ஐயுபிஏசி அதை 1 பார் என்று மாற்றச் சொன்னது. சைபர் 0.17 மில்லிவோல்ட் நகர்ந்தது. நகர்ந்த இடத்துக்கும் சைபர் என்றே பெயர். செம்பும் வெள்ளியும் துத்தநாகமும் அட்டவணையில் அந்த அளவு இறங்கின. உலோகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைவிடப் பெரிய பிசகு நம் லேபிலேயே இருக்கிறது. நீர்க்கரைசல் வழியாக வருகிற குமிழி சுத்த ஹைட்ரஜன் அல்ல, அதில் நீராவியும் பங்கு கேட்கிறது. 25 டிகிரியில் 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 24 நீராவிக்குப் போய்விடும். ஹைட்ரஜனுக்கு மிஞ்சியதைப் போட்டுக் கணக்கிட்டால் 0.4 மில்லிவோல்ட் வித்தியாசம். ஊட்டியில் காற்றழுத்தமே முக்கால் பங்குதான். அங்கே இதே குமிழியை விட்டால் மூன்று, நான்கு மில்லிவோல்ட் தள்ளி நிற்கும். எங்கள் தொழிலில் இதை டிஃபால்ட் வேல்யூ என்போம். ஒரு ஃபங்ஷனுக்குள் யாரோ எப்போதோ எழுதி வைத்த டிஃபால்ட் நேர மண்டலத்தைக் கவனிக்காமல் ஒரு ராத்திரி முழுக்க நான் விழித்திருக்கிறேன்.

இதை நண்பர்களிடம் சொன்னால் இலக்கியம் படித்த ஒருவர் உடனே துள்ளுவார்: "பாத்தியா, அறிவியலே மனுஷன் போட்ட ஒப்பந்தம்தான்!" இல்லை சார். சைபர் ஒப்பந்தம். 29.6 ஒப்பந்தமல்ல. எந்தக் குழு கூடி எத்தனை கை தூக்கினாலும், அதே 25 டிகிரியில் அது 30 ஆகாது. ஒரே அமிலத்தில் ஒரு பார் அழுத்தத்தில் ஒரு ஹைட்ரஜன் மின்முனை, பத்து பாரில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வைத்தால் அந்த 29.6 வரும், சைபரை எங்கே வைத்திருந்தாலும். பள்ளிக்கூடம் ஒப்பந்தத்தை இயற்கை என்கிறது, இவர் இயற்கையை ஒப்பந்தம் என்கிறார். இரண்டு பேருமே கோட்டை அழிக்கிறார்கள்.

"மில்லிவோல்ட்டுக்கு ஏன்யா இவ்வளவு சத்தம்?" என்பவர்கள் கீழே போய்த் தங்கள் பைக்கைப் பார்க்கலாம். ஏப்ரல் 2020-ல் பிஎஸ்6 வந்த பிறகு பல வண்டிகளின் புகைக்குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் செருகியிருக்கிறது. உள்ளே ஸிர்கோனியா பீங்கான், இரு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. சூடேறியதும் பீங்கான் வழியே ஆக்ஸிஜன் அயனிகள் நகர ஆரம்பிக்கும். இரு பக்க ஆக்ஸிஜன் அழுத்தங்களின் விகிதம் வோல்ட்டாக வெளியே வரும். சுமார் 700 டிகிரியில் 0.1 வோல்ட் என்றால் புகையில் ஆக்ஸிஜன் காற்றில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு. 0.9 வோல்ட் என்றால்? ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டு சைபர் போட்டு, அதில் ஒரு பங்கு. பெட்ரோல் கூடிவிட்டது என்று வண்டி தெரிந்துகொள்வது இப்படித்தான். நாம் மூன்று மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்த அதே மடக்கை.

அக்கா மகனைக் கீழே கூட்டிப்போய் அந்த ஒயரைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். "மல்டிமீட்டர் இருக்கா மாமா?" என்றான். இருந்தது. அதில் பேட்டரிதான் இல்லை.