கை நடுங்கினால் குடிகாரனா?

"காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாரா?" டிக்கெட் கவுண்டரில் கை நடுங்கிய நம்மூர்க்காரர் ஒருவரைப் பற்றி இப்படித்தான் பேசினோம். நானும் சிரித்தேன். அவருக்கு பார்க்கின்சன் நோய் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது. அவை அழிவதில் நம்மைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு உண்டு என ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இறந்த நோயாளிகளின் மூளையில் காவல் செல்கள் கிளர்ந்து நின்றதை 1988-ல் கண்டார்கள். சில நோயாளிகளின் ரத்தத்திலுள்ள டி செல்கள், உடம்பின் சொந்தப் புரதமான ஆல்ஃபா சினூக்ளினையே பகையாக எண்ணுவதை 2017-ல் கண்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஆகவே "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" லேகியத்துக்குச் சம்பளத்தை இறைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். நோயை அடியோடு நிறுத்த மருந்தில்லை; ஆனால் லெவோடோபா நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும்.

வேலை போய்விடுமென்று மறைக்கவும் வேண்டாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் உண்டு. பணியிலிருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை அதற்காக நீக்கக்கூடாது. அந்த வேலை முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு மிஞ்சுவது வேலையும் நல்ல பெயரும்தான். வேலையைச் சட்டம் காக்கும். பெயரை நாம்தானே காக்கவேண்டும்?