உளறல் பொய்யல்ல

2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி: மூன்று சேரிகளிலும் வீடுகளைச் சாதிவெறி கொளுத்தியது.

இப்படியொரு ராத்திரிக்குப் பிறகு சோறு எறங்காது, தூக்கம் புடிக்காது. கதவு சாத்துற சத்தத்துக்கே ஒடம்பு தூக்கிப் போடும். யாரு மொதல்ல வந்தான், எத்தன மணி – நினைவு கலங்கும். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்கொரு நோய்ப்பெயர் வைத்து, ஒரு மாதக் கெடுவும் குறித்தது.

அந்தக் கலக்கத்தில்தான் போலீஸ் வாக்குமூலம் எழுதுகிறது. பிறகு கோர்ட்டில் எதிர்தரப்பு வக்கீல் எழுந்து 'முன்னுக்குப்பின் முரண்' என்கிறார். அடிச்சவன் தெளிவாப் பேசுவான். அடிபட்டவ ஒளறத்தான் செய்வா. அது காயத்தின் சாட்சி.

எரித்தவன் ஜாமீனில் வந்து அதே தெருமுனையில் நின்றால் எந்த மாதத்தில் தீரும் இது? நிவாரணப் பணத்தை மட்டும் எண்ணிக் கொடுக்காதே. மருத்துவரையும் அனுப்பு. முரணைக் காயமாகப் படிக்கக் கத்துக்கோ.