அஷ்டமி நிலாவை மதியமே பிடிக்கலாம்!

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நான் டிவி முன்னால். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்பதால் எங்களுக்குக் கூடுதல் குஷி வேறு. அந்த நேரம் வாசலுக்கு வந்து தெற்கே அண்ணாந்திருந்தால், மேகம் மறைக்காத ஊர்களில் நிஜ நிலாவே தெரிந்திருக்கும். சூரியன் மறைவதற்கு முன்பே வளர்பிறை சப்தமி நிலா நன்றாக மேலே வந்திருந்தது. விக்ரம் லேண்டர் சூரிய ஒளியில் இயங்குவது. இறங்கும் இடத்தில் பொழுது விடிந்த கையோடு இறங்கினால்தான் அதற்குப் பூமிக் கணக்கில் சுமார் 14 நாள் வெளிச்சம் கிடைக்கும். அதனால்தான் பௌர்ணமி வரை காத்திருக்கவில்லை.

நாம் பகலில் படம் எடுக்கவும் அரை நிலாதான் வசதி. தினசரி காலண்டரில் அஷ்டமி பாருங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று தள்ளிவைக்கும் அதே நாள்தான்! வளர்பிறை என்றால் மதியம் கிழக்கே உதித்து நாலு மணிக்கு நல்ல உயரத்தில் நிற்கும். தேய்பிறை என்றால் காலையில் மேற்கே தேடுங்கள்.

செய்யூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணன் மகனின் சின்ன டெலஸ்கோப்பில் மொபைலை வைத்து முயன்றோம். முதலில் மொட்டைமாடி. தளம் கொதித்ததில், தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நிலா நெளிந்தது. கீழே தோட்டத்துக்கு வந்ததும் பாதி நெளிவு நின்றது. ஆனாலும் வானம் வெளிறியே இருந்தது.

அரை நிலா சூரியனிலிருந்து ஏறக்குறைய 90 டிகிரி தள்ளி நிற்கும். அந்தத் திசையிலிருந்து வரும் நீல ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். அதைப் போலரைசர் தடுத்துவிடும். அண்ணனின் போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் குழாய் வாய்க்கு முன் பிடித்து மெல்லத் திருப்பினோம். ஒரு கோணத்தில் வானம் சட்டென்று கருநீலமானது! படம் லேசாக மங்கும், பரவாயில்லை. நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து, அரை நிமிட வீடியோ எடுத்து, அதில் தெளிவான காட்சியைப் பொறுக்கினேன். கறுப்பு வெள்ளையாக்கி நீலத்தைக் குறைத்தால் பள்ளங்கள் இன்னும் எடுப்பாகத் தெரிகின்றன.

நடுவில் குட்டிப் பையன் குழாயை மேற்கே திருப்பிவிட்டான். “அத்தை, சூரியனையும் பாக்கலாமா? இதுக்குத் தனி லென்ஸ் இருக்கு!” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண் வைக்கும் பக்கத்தில் திருகும் கறுப்புக் கண்ணாடி அது. குவிந்து வரும் வெப்பத்தில் பட்டென்று விரிசல் விடலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவதே தெரியாமல் பார்வை போய்விடும். மொபைல் கேமராவும் காலி. சூரியனுக்கான ஃபில்டர் எப்போதும் குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு டெலஸ்கோப்பை வீட்டின் கிழக்குச் சுவர் நிழலுக்குள் தள்ளினோம். சூரியன் சுவருக்கு அந்தப் பக்கம். குழாய் எப்படித் திரும்பினாலும் அதன் கண்ணில் படாது. சிறுவர்களோடு பார்க்கிறவர்கள் தயவுசெய்து முதலிலேயே இப்படி நிழலில் நிறுத்துங்கள்.

கடைசியில் தேறியது நாலு படம். பெரியம்மா மொபைலை வாங்கிப் பார்த்தார். “அஷ்டமியில எடுத்தாலும் நல்லாத்தான்டி வந்திருக்கு!”